மெனுவில் 'ரீனா' என்று மட்டும் எழுது

அருள்,

உன் பெரியவன் கெவின் பத்தாம் வகுப்பில் கணக்குக்கு முழு மார்க் வாங்கினான். பள்ளிக்கூட ஆண்டு விழாவில் மேடை ஏற்றிக் கேடயம் கொடுத்தார்கள். சின்னவன் ஆல்வின் நீச்சலில் கோப்பை வாங்கினான். வாளித் தண்ணீரைக் கண்டாலே என் முந்தானைக்குள் தலையை நுழைத்துக்கொண்டு அழுத பிள்ளை அவன். உன் அக்கா ஸ்டெல்லாவின் மகன் ரோஷன் டிப்ளமோ முடித்து, அப்ரன்டிஸ் முடித்து, காண்ட்ராக்டில் கிடந்து அல்லாடி, இன்றைக்குப் பவர் ஹவுஸில் பெர்மனென்ட். அவன் தங்கை ரீனா நர்சிங் பட்டம் வாங்கி, கடலூரில் பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டரில் வேலை பார்க்கிறாள். போன மாதம் அந்தத் தியேட்டருக்கே அவளை இன்சார்ஜ் ஆக்கினார்கள். டாக்டர் கையை நீட்டினால், இன்னது வேண்டும் என்று அவர் வாய் திறப்பதற்கு முன்னால் அது அவர் கையில் இருக்குமாம். அவளோடு வேலை பார்க்கும் பெண் வீட்டுக்கு வந்தபோது சொன்னாள். இதையெல்லாம் காய்கறிக் கடையில் சொல்வேன், கோவில் வாசலில் சொல்வேன், கரண்ட் பில் கட்டும் வரிசையில் பக்கத்தில் நிற்பவர் கேட்காவிட்டாலும் சொல்வேன். நான் பெருமை அடிப்பவள்தான். அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

அந்தப் பெருமையை வைப்பதற்குத்தான் நீ ஓர் இடம் செய்து கொடுத்தாய். உன் அப்பாவின் முதல் வருட நினைவு நாளுக்குக் குடும்ப வெப்சைட் என்று ஒன்று செய்தாய். உன் அப்பா மைன்ஸில் ஹெல்மெட் போட்டுக்கொண்டு, மண் வெட்டும் அந்த ராட்சத மெஷினுக்கு முன்னால் இடுப்பில் கை வைத்து நிற்கும் படம் அதில் வந்தது. மேலே மூன்று கோடு இருக்கும், அதை அழுத்தினால் பட்டியல் இறங்கும், அதற்கு மெனு என்று பெயர் என்றாய். தினமும் காலையில் காப்பி குடித்ததும் உன் அப்பா பக்கத்தைத் திறந்து அந்த மூன்று கோட்டை அழுத்துவேன். ஐந்தாவது வரைக்கும் படித்த படிப்பு அந்தப் பட்டியலைப் படிப்பதற்காவது உதவுகிறதே என்று நினைத்துக்கொள்வேன். அப்பா, கெவின், ஆல்வின், ரோஷன் என்று வரிசையாக இருக்கும். கடைசியில் 'ரீனா திருமணம்' என்று இருக்கும்.

அந்தக் கடைசி வரிக்காகத்தான் இந்தக் கடிதம். உனக்குத் தனியாக எழுதவில்லை. எழுதி முடித்ததும் ஸ்டெல்லா இதைப் போட்டோ எடுத்து நம் குடும்ப வாட்ஸ்அப்பில் போடுவாள். எல்லோரும் படிக்கட்டும், உன் மாமியார் வீட்டாரும் படிக்கட்டும். நீ எனக்கு போன் செய்து 'குரூப்லயா போடுவீங்க' என்று கேட்காதே. நீ செய்தது ஊர் பார்க்கக் கிடந்தபோது இதுவும் கிடக்கலாம்.

போன ஞாயிறு நடந்ததை ஸ்டெல்லா உனக்கு அரைகுறையாகச் சொன்னாள். அவள் உன்னைத் திட்ட மாட்டாள், தம்பி என்று வாயை மூடிக்கொள்வாள். நான் முழுதாகச் சொல்கிறேன். ரீனாவுக்கும் காடாம்புலியூர்ப் பையன் சார்லஸுக்கும் அன்றைக்கு முதல் ஓலை வாசிக்க வேண்டும். மூன்று ஞாயிறு கோவிலில் ஓலை வாசித்து, இந்தக் கல்யாணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் சாமியாரிடம் சொல்லலாம் என்று அறிவித்த பிறகுதானே நம்மில் கல்யாணம். தன் பேரைத் தானே கோவிலில் கேட்க வேண்டும் என்று ரீனா நைட் டூட்டி முடித்துக் கடலூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தாள். குளித்து, கத்தரிப்பூ நிறச் சேலை கட்டி, என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பூசை முடிந்தது. ஃபாதர் ஓலைத் தாளை எடுத்தார். யாரோ ஒரு பையன் பேரையும் யாரோ ஒரு பெண் பேரையும் வாசித்தார். தாளை மடித்தார். ரீனா பேர் வரவில்லை. முன் வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் கழுத்தை ஒடித்துத் திரும்பி எங்களைப் பார்த்தார்கள், ஏனென்றால் இன்றைக்கு என் பேத்திக்கு ஓலை என்று அவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தவள் நான். ரீனா அசையவே இல்லை. மடியில் வைத்திருந்த கையை மட்டும் சேலைக்குள் மறைத்துக்கொண்டாள்.

பூசைக்குப் பிறகு ஃபாதர் எங்களை அறைக்குக் கூப்பிட்டார். மாப்பிள்ளை ஊர்ச் சாமியார் அவருக்கு போன் செய்தாராம். மாப்பிள்ளையின் அத்தை அங்கே போய், பெண்ணுக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆகிவிட்டது, பெண் வீட்டாரே அதைப் படத்தோடு போட்டு வைத்திருக்கிறார்கள் என்று புகார் சொன்னாளாம். "எனக்கு விஷயம் தெரியும்மா. முன்னாடி ஒரு நிச்சயம் நடந்து நின்னது தெரியும். ஆனா தடை தெரிஞ்சவங்க சொல்லலாம்னு நானே வாசிச்சிட்டு, வந்து சொல்றவங்களைக் கேக்காம விட முடியுமா? மதியம் அவங்க உங்க வீட்டுக்கு வராங்களாம். பேசித் தெளிவு பண்ணிக்குங்க. அடுத்த ஞாயிறு வாசிச்சிடலாம்" என்றார். அவர் மேல் குற்றம் இல்லை.

மதியம் வந்தார்கள். சம்பந்தியம்மா, சார்லஸ், அந்த அத்தை. வழக்கம்போலப் பெரிய பலாப்பழம் ஒன்றைத் தூக்கி வந்து கூடத்தில் வைத்தார்கள். அத்தை உட்கார்ந்த வேகத்தில் போனை எடுத்து நீட்டினாள். "நான் ஒண்ணும் இட்டுக்கட்டிச் சொல்லலீங்க. உங்க வூட்டு ஆளுங்களே எழுதி வச்சிக்கினு இருக்கீங்க. 'ரீனா திருமணம்'னு. அமுக்குனா படம் வருது. மாலையும் கழுத்துமா பொண்ணு நிக்கிது. பக்கத்துல வேற ஒரு ஆளு."

"அது நிச்சயதார்த்தங்க. அதுவும் நின்னு போச்சு" என்றாள் உன் அக்கா.

"நிச்சயதார்த்தம்னா நிச்சயதார்த்தம்னு எழுத வேண்டியதுதானே? நின்னு போச்சின்னா எடுக்க வேண்டியதுதானே? உலகமே பாத்துக்கினுதானே இருக்கு?"

அவள் கேட்டதில் ஓர் எழுத்துக்கூடத் தப்பு இல்லை. அந்தப் பக்கத்தை அவளுக்கு அனுப்பியதே நான்தான். எங்கள் வீட்டுக்காரர் எப்பேர்ப்பட்ட ஆள் பாருங்கள் என்று உன் அப்பா படம் இருக்கும் பக்கத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அவள் அதைப் பார்த்துவிட்டு, மேலே மூன்று கோட்டை அழுத்தியிருக்கிறாள். எல்லோரும் அழுத்துவதற்குத்தானே அது இருக்கிறது.

சார்லஸ் நல்ல பிள்ளை. "அத்தே, ரீனா எனக்கு மொத நாளே எல்லாம் சொல்லிட்டாங்க. சும்மா இருங்க" என்றான். "உனக்குச் சொன்னா போதுமாடா? ஊருக்கு யாரு சொல்றது? நீ போயி முந்திரித் தோப்புல மைக் கட்டிச் சொல்லுவியா?" என்றாள் அவள். சம்பந்தியம்மா நாத்தனாரை அடக்கிவிட்டு என் பக்கம் திரும்பினார். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. ஞாயித்துக்கெழமைக்குள்ள அதைச் சரி பண்ணிடுங்க. எங்க ஊரு கோவில்லயும் ஓலை வாசிக்கணும். பூசையில ஒக்காந்துக்கினே போனைத் தட்டிப் பாக்குற சனங்க எங்க ஊர்ல" என்றார். போய்விட்டார்கள். அந்தப் பலாப்பழத்தை இன்றைக்கு வரைக்கும் ஒருவரும் அறுக்கவில்லை. பழுத்து வீடெல்லாம் நாறுகிறது. எனக்கு உன் வெப்சைட்டை நினைத்தாலும் அதே குமட்டல்தான் வருகிறது.

அவர்கள் தெரு முனை தாண்டுவதற்குள் உனக்கு போன் செய்தேன். ஞாபகம் இருக்கிறதா நீ சொன்னது? "அதை அப்பவே எடுத்துட்டேனேம்மா!" என்றாய். எடுத்துவிட்டாயா, எங்கிருந்து எடுத்தாய் என்றேன். முதல் பக்கத்து மெனுவிலிருந்து எடுத்தாயாம். மற்றப் பக்கங்களில் இருக்கிறதே என்றேன். "ஒவ்வொரு பேஜ்லயும் மெனுவைத் தனித்தனியா எழுதியிருக்கேன்மா. ஒண்ணுல எடுத்தா மத்ததுல போகாது. ஒவ்வொண்ணா போய் எடுக்கணும்" என்றாய். ஆபீஸிலும் இப்படித்தான் செய்வாயா என்று கேட்டேன். சிரித்தாய். "ஐயோ, அங்க இப்படிப் பண்ணா வேலையை விட்டுத் தூக்கிடுவாங்கம்மா. அங்க மெனு ஒரே ஃபைல்தான். எல்லாப் பேஜும் அதையே கூப்பிட்டுக்கும். அதுல ஒரு எடத்துல மாத்துனா எல்லா எடத்துலயும் மாறிடும்" என்றாய். அப்படியானால் நமக்கு ஏன் அப்படிச் செய்யவில்லை என்றேன். அதற்கு நீ சொன்ன பதில்தான் எனக்கு இந்த வாரம் முழுக்கச் சோறு இறங்காமல் செய்தது.

"நம்ம வூட்டுதுதானேம்மா."

யாரோ ஊர் பேர் தெரியாத கம்பெனிக்கு ஒழுங்கு. நமக்கு, நம்ம வூட்டுதுதானே. முன்பின் அறியாதவனுக்கு இலை போட்டுப் பரிமாறுகிற கை, பெற்ற தாய்க்கு எச்சில் தட்டில் போடுமா அருள்? நீ சமைத்து வைத்ததில் ஈ மொய்த்திருக்கிறது என்று நான் சொன்னால், நாம்தானே சாப்பிடப்போகிறோம் என்கிறாய். இதை வாயால் சொல்லவும் உனக்குக் கூசவில்லை. "இந்த வாரம் ஆபீஸ்ல ரிலீஸ் இருக்கு, அப்புறம் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு, ரீனாவுக்குப் பாஸ்வேர்டை அனுப்பிவிட்டுப் போனை வைத்தாய். தன் பழைய நிச்சயதார்த்தப் படத்தைத் தானே போய் அழித்துக்கொள் என்று ஒரு பெண்ணிடம் சாவியைக் கொடுத்துவிட்டு நீ நிம்மதியாகப் போய்விட்டாய்.

அவள் லேப்டாப்பைத் திறந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து உள்ளே பார்த்தேன். உள்ளே என்றால், படம் தெரிகிற பக்கம் இல்லை, நீ சாமான்களைப் போட்டு வைத்திருக்கிற பக்கம். ஃபோல்டர் என்று வரிசையாக இருந்தது. ரீனா ஒவ்வொன்றாகப் பேரைப் படித்தாள். நியூ. நியூ டூ. ஃபைனல். ஃபைனல் ஒரிஜினல். டெஸ்ட். சும்மா. அப்புறம். அப்புறம் என்று ஒரு ஃபோல்டருக்குப் பேர் வைத்திருக்கிறாய், திறந்தால் உன் அப்பாவின் அடக்கப் படங்கள். எனக்கு எப்படி இருந்திருக்கும்? கெவின் கேடயம் வாங்கிய படம் 'சும்மா'வுக்குள் கிடக்கிறது. ரோஷன் பக்கத்தில் உன் மோட்டார் பைக் படம். படங்களின் பேரெல்லாம் போன் தானாகப் போட்ட எண்கள், எது யார் என்று திறந்து பார்த்தால்தான் தெரியும். "ஆயா, ஆஸ்பத்திரியில நான் இப்படி ட்ரே அடுக்குனா பேஷன்ட் செத்துப்போயிடுவாரு" என்றாள் ரீனா. சிரிப்புக்குத்தான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இதற்கு மேல் ஒன்று இருந்தது. பிளாக் 11 என்று ஒரு ஃபோல்டர், பிளாக் 20 என்று ஒரு ஃபோல்டர், மந்தாரக்குப்பம் என்று ஒரு ஃபோல்டர். டவுன்ஷிப்பில் வளர்ந்த பிள்ளைக்குத்தான் இந்தப் புத்தி வரும். பிளாக் 11 ஆன்ட்டி, பிளாக் 20 அங்கிள் என்று ஆட்களைக் குவார்ட்டர்ஸை வைத்தே சொல்லிப் பழகி, வெப்சைட்டிலும் குடும்பத்தைக் குவார்ட்டர்ஸ் குவார்ட்டர்ஸாகப் பிரித்து வைத்திருக்கிறாய். நாம் இருந்தது பிளாக் 11, அதனால் அப்பா அங்கே. ஸ்டெல்லா இருந்தது பிளாக் 20, அதனால் ரோஷனும் ரீனாவும் அங்கே. குவார்ட்டர்ஸ் என்ன நமக்கு எழுதி வைத்த சொத்தா? ரிட்டயர் ஆனால் சாவியைக் கொடுத்துவிட்டு வரவேண்டியதுதானே. உன் அத்தான் ரிட்டயர் ஆனார், எல்லோரும் மந்தாரக்குப்பத்துக்கு வாடகைக்கு வந்தோம். உடனே நீ மந்தாரக்குப்பம் என்று புது ஃபோல்டர் போட்டாய். பழையதிலிருந்து எல்லாவற்றையும் நகல் எடுத்து இங்கே வைத்தாய், பழையதை அப்படியே விட்டாய். நிச்சயம் முறிந்தபோது புது ஃபோல்டரில் இருந்த படத்தை எடுத்தாய். பிளாக் 20 ஃபோல்டரில் இருந்தது அங்கேயே இருந்தது. அப்பா பக்கத்து மெனு இன்னும் அந்தப் பழைய வீட்டுக்குத்தான் ஆள் அனுப்பிக்கொண்டிருந்தது.

பழைய வீட்டுக்குப் போவது உனக்குப் புதிதில்லை. நாம் பிளாக் 6-லிருந்து பிளாக் 11-க்கு மாறிய வாரம், பள்ளிக்கூடம் விட்டு நீ பழக்கத்தில் பழைய குவார்ட்டர்ஸுக்கே போய்விட்டாய். எல்லா வீடும் ஒரே மாதிரி, அதே பச்சைக் கதவு. உள்ளே போய் பையைப் போட்டுவிட்டு, "அம்மா பசிக்கிது" என்று சமையலறைப் பக்கம் குரல் கொடுத்தாய். புதிதாகக் குடி வந்திருந்த அந்தத் திருநெல்வேலிக்கார அம்மா எட்டிப் பார்த்து, யார் பெத்த பிள்ளையோ என்று உப்புமா வைத்துக் கொடுத்தார். நீ இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்ட பிறகுதான் சுவரில் வேறு காலண்டர் தொங்குவதைப் பார்த்து அழ ஆரம்பித்தாயாம். அந்த அம்மா உன் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு நடந்து, பிளாக் 11-ல் என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். உன் வெப்சைட்டில் அந்த அம்மா மாதிரி ஓர் ஆள் இல்லையே. அந்த வசதியும் உண்டு என்று ரீனா சொல்கிறாள், பழைய இடத்துக்கு வருகிறவர்களைத் தானாகவே புது இடத்துக்கு அனுப்பிவிடலாமாம். உனக்குத் தெரியாததா? தெரிந்தும் செய்யாமல் விட்டதுதான் எனக்கு அருவருப்பாக இருக்கிறது. தெரியாதவன் செய்திருந்தால் பாவம் என்று விட்டிருப்பேன்.

சின்ன வயதிலேயே உனக்கு இது உண்டு. கிறிஸ்துமஸுக்கு ஆட்கள் வரும்போது வீட்டை ஒழுங்கு பண்ணு என்றால், துவைத்தது துவைக்காதது, புத்தகம், செருப்பு, உடைந்த பம்பரம், கடித்த கேக் என்று எல்லாவற்றையும் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, மேலே பெரிய போர்வையைத் தரை வரைக்கும் தொங்க விடுவாய். கூடம் பளபளவென்று இருக்கும். உன் அப்பாவும் கெட்டிக்காரன் என்று மெச்சுவார். ஒரு வருடம் பூசை முடிந்து ஃபாதர் வீட்டை மந்திரிக்க வந்து அந்தக் கட்டிலில் உட்கார்ந்தார். காலடியிலிருந்து எறும்பு வரிசை கிளம்பி அவர் அங்கிக்குள் ஏறியது. முதல் பக்கத்தில் மட்டும் ரீனா பேரை எடுத்தாயே, அது அந்தப் போர்வைதான். அன்றைக்கு எறும்பு கடித்தது ஃபாதரை. இப்போது கடித்தது உன் அக்கா மகளை.

இனி நான் சொல்லப் போவதை மற்றவர்கள் நிதானமாகப் படிக்க வேண்டும். ரீனா அந்தப் பழைய பக்கத்தை அன்று மாலையே அழித்தாள். முதலில் நிச்சயம் செய்த பையன் வீட்டார் வேலையை விடச் சொன்னதற்காக மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்தவள் அவள், படத்தை அழிப்பது அவளுக்குப் பெரிய காரியம் இல்லை. கண்ணைக்கூடத் துடைக்கவில்லை. அழித்துவிட்டு, சரியாகிவிட்டதா என்று பார்க்க உன் அப்பா பக்கத்துக்குப் போய் மூன்று கோட்டை அழுத்தினோம். பட்டியல் இறங்கியது. 'ரீனா திருமணம்' என்று அப்படியே இருந்தது. அழுத்தினோம். 'பக்கம் காணவில்லை' என்று வந்தது. கெவின் பக்கத்திலிருந்து அழுத்தினோம். ரீனா திருமணம், காணவில்லை. ரோஷன் பக்கத்திலிருந்து அழுத்தினோம். ரீனா திருமணம், காணவில்லை. ஓலைக்குக் காத்திருக்கிற ஒரு பெண் தன் வீட்டு வெப்சைட்டில் படிக்கிற வாசகமா இது?

மெனுவைத் திருத்தும் வேலை ரீனாவுக்குத் தெரியாது, லேப்டாப்பை மூடப் போனாள். நான்தான் விடவில்லை. அந்தப் படம் போகட்டும், உன்னுடைய வேறு படம் எங்கே இருக்கிறது காட்டு என்றேன். பட்டம் வாங்கிய படம் இருக்குமே, வெள்ளைத் தொப்பி வைத்த முதல் நாள் படம் இருக்குமே என்றேன். எல்லா ஃபோல்டரையும் திறந்து பார்த்தோம். நியூ, நியூ டூ, சும்மா, அப்புறம், எல்லாம் பார்த்தோம். இல்லை. அவள் அனுப்பிய படங்களை நீ போடவே இல்லை. "விடுங்க ஆயா. மாமாவுக்கு நேரம் இருந்திருக்காது" என்றாள். உன் பைக்குக்கு நேரம் இருந்திருக்கிறது. அப்போதுதான் அந்த மெனுவை நான் ஒழுங்காகப் படித்தேன். இத்தனை நாள் தினமும் படித்து உறைக்காதது அன்றைக்கு உறைத்தது. கெவின். ஆல்வின். ரோஷன். பையன்களுக்கெல்லாம் பேர். அவளுக்கு மட்டும் திருமணம். யாரோ ஒருவன் பக்கத்தில் நின்றதால்தான் அவளுக்கு அதில் இடம். அவன் போனதும் அவளும் போனாள். நம் குடும்பத்தில் நாலு பேரப்பிள்ளைகள் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறேன், உன் வெப்சைட்டில் மூன்றுதான் இருக்கிறது.

இதை உன் அக்கா பார்த்தாள். எழுந்து போய் அடுப்படியில் நின்றாள். பையனுக்கு ஒரு தட்டு, பெண்ணுக்கு ஒரு தட்டு என்று நம் வீட்டில் நான் வைத்தது கிடையாது அருள். நீ எங்கிருந்து இதைக் கற்றாய்? வேண்டுமென்று செய்யவில்லை என்பாய். வேண்டுமென்று செய்திருந்தால் உன்னிடம் சண்டையாவது போடலாம். யோசிக்காமலே உன் கைக்கு அப்படித்தான் எழுத வந்திருக்கிறது, அதுதான் எனக்கு ஆறவில்லை.

ஆகவே இதைச் செய். உன் ரிலீஸ் இருக்கட்டும். மெனுவை ஒரே இடத்தில் எழுது. ஓலை எப்படி வாசிக்கிறார்கள் என்று நினைத்துப் பார். ஃபாதர் கையில் ஒரே தாள், ஒரே பீடத்திலிருந்து வாசிக்கிறார், கோவில் முழுக்கக் கேட்கிறது. பேரில் பிழை என்றால் உபதேசியார் அந்த ஒரு தாளில் திருத்திவிடுவார், முடிந்தது. ஒவ்வொரு பெஞ்சுக்கும் ஒரு தாளை எழுதிக் கொடுத்துவிட்டு, பிழை வந்தால் பெஞ்சு பெஞ்சாகப் போய்ப் பிடுங்குகிற கோவிலை எங்கேயாவது பார்த்திருக்கிறாயா? நீ அப்படித்தான் கட்டி வைத்திருக்கிறாய். பிளாக் பேரில் இருக்கும் ஃபோல்டரை எல்லாம் தூக்கு. வீடு மாறும், பிளாக் மாறும், நாளைக்கு மந்தாரக்குப்பத்தையும் காலி செய்வோம். கெவின் கெவின்தான், எங்கே குடி போனாலும். ஆளுக்கு ஓர் இடம், ஆள் பேரில். படங்களுக்கும் பேர் வை, எதற்குள் யார் என்று வெளியிலிருந்தே தெரிகிற மாதிரி. புதுசு என்று எதற்கும் பேர் வைக்காதே, மறு வாரமே அது பழசு. உன் அப்பாவின் அடக்கப் படங்களை 'அப்புறம்' என்பதிலிருந்து எடுத்து அப்பா பேரில் வை. ஒன்றை இடம் மாற்றினால் பழைய இடத்தில் நகலை விட்டுவிட்டு வராதே. வழி தெரியாமல் அங்கே வருகிறவர்களுக்கு அந்தத் திருநெல்வேலி அம்மா மாதிரி ஏதாவது ஏற்பாடு செய். எல்லாம் முடிந்ததும் முதல் பக்கம் பளபளவென்று இருக்கிறது என்று கையைத் தட்டிவிட்டுப் போகாதே. ஒவ்வொரு பக்கத்துக்கும் போய், ஒவ்வொன்றிலும் மூன்று கோட்டை அழுத்தி, ஒவ்வொரு பேரையும் தொட்டுப் பார். போர்வையைத் தூக்கிப் பார்.

கல்யாணத்துக்கு என்று தனியாக ஓர் இடம் வேண்டுமென்றால் அப்புறம் செய்துகொள். மூன்று ஓலையும் வாசித்து, பீடத்துக்கு முன்னால் தாலி ஏறின பிறகு செய். அதையும் ரீனா என்கிற இடத்துக்கு உள்ளே ஒரு பகுதியாக வை. அவளுக்குள் கல்யாணம் இருக்கட்டும், கல்யாணத்துக்குள் அவளை வைக்காதே.

சார்லஸ் நேற்று போன் செய்தான். அவன் அத்தை தினமும் காலையில் எழுந்ததும் நம் வெப்சைட்டைத்தான் திறக்கிறாளாம். "காணவில்லைன்னு வருதேடா, கல்யாணம் காணவில்லையா, பொண்ணு காணவில்லையா?" என்று வீட்டில் எல்லோரையும் கேட்டுக்கொண்டிருக்கிறாளாம். அவன் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஆனால் போனை வைக்கும் முன், "ஞாயித்துக்கெழமை ஓலை உண்டுதானே ஆயா?" என்று கேட்டான். உண்டு என்று சொல்லிவிட்டேன். உன்னை நம்பி, வேறு வழியில்லாமல் சொல்லிவிட்டேன். என் வாக்கு இப்போது உன் கையில் இருக்கிறது. 'நம்ம வூட்டு வாக்குதானே' என்று விட்டுவிடாதே.

இந்தக் கடிதத்தோடு ஸ்டெல்லா ஒரு படம் அனுப்புவாள். தியேட்டர் இன்சார்ஜ் ஆன அன்றைக்கு ரீனாவோடு வேலை பார்க்கும் பெண் எடுத்தது. பச்சை உடுப்பு, தலையில் பச்சைத் தொப்பி, முகமூடியைக் கழுத்துக்கு இறக்கிவிட்டிருக்கிறாள், அதன் தடம் கன்னத்தில் இன்னும் இருக்கிறது. தூக்கம் இல்லாத கண். பக்கத்தில் யாரும் இல்லை. படத்துக்கு நியூ என்றோ ஃபைனல் என்றோ பேர் வைக்காதே, ரீனா என்று வை. மெனுவிலும் ரீனா என்று மட்டும் எழுது. ஞாயிறு காலையில் பூசைக்குக் கிளம்புமுன் காப்பி குடித்துவிட்டு, உன் அப்பா பக்கத்திலிருந்துதான் அழுத்திப் பார்ப்பேன். அவர் பட்டியலில் அவள் பேர் இறங்க வேண்டும், தொட்டால் அவள் வர வேண்டும். அதற்குள் இந்தப் படத்தைப் போடு.

அம்மா